‘அசால்ட்டான ஆள்’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் தந்தை நாட்டுப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர். நடுக்கடலில் காற்று திடீரென்று மாறினாலும் பதற்றமே இல்லாமல் வலையை இழுத்து வாங்கிக்கொண்டு கரை வந்து சேருவார். ‘அசால்ட்டான ஆள்’ என்று ஊரில் சொல்வார்கள். ஆங்கிலக் கட்டுரையில் அவரைக் ‘கேர்லெஸ்’ என்று எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டுக் ‘கேர்ஃப்ரீ’ என்று திருத்தினார். அதுவும் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எது சரி?
– பிளஸ் டூ மாணவி, பாம்பன்

பதில்: ஆசிரியை திருத்தியது நியாயம், உங்களுக்கு அது நிறைவளிக்காததும் நியாயம். ‘கேர்லெஸ்’ என்பது காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாதவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டு. ‘கேர்ஃப்ரீ’ என்பது மனத்தில் கவலையே இல்லாத நிலை. விடுமுறை நாளில் அரியமான் கடற்கரையில் ஆடித் திரியும் சிறுவர்களுக்கு அது பொருந்தும். காற்றின் போக்கையும் படகில் உள்ளவர்களின் உயிரையும் கணக்கில் வைத்துக்கொண்டே வலையை வாங்குகிற ஒருவரைக் கவலையற்றவர் என்று எப்படிச் சொல்வது? அக்கறை இல்லையா, இருந்தும் வெளியே தெரியவில்லையா, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயிற்றா என்று முதலில் கேட்டுக்கொண்டால், இந்த வகைச் சொற்களில் எதை எடுப்பது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

‘நான்ஷலன்ட்’ 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் வேருக்குச் ‘சூடாக இருத்தல்’ என்று பொருள், முன்னால் நிற்கும் ‘நான்’ அதை மறுக்கிறது என்பதால், எதுவும் தம்மைச் சூடேற்றவில்லை என்பதுபோல் நடந்துகொள்பவரை அது குறிக்கிறது. அவருடைய உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு அச்சொல் உறுதி தராது. ‘இன்சூசியன்ட்’ (எதற்கும் கவலைப்படாத) என்பதும் பிரெஞ்சுச் சொல்தான், ஆனால் அதில் ஒரு மகிழ்ச்சி இழையோடும். ‘பிளாஸே’ முற்றிலும் வேறு: ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பெட்டியே ஜன்னலோரம் திரள, பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கைப்பேசியிலிருந்து தலை நிமிராதவருக்கு உரிய சொல் அது.

‘கேவலியர்’ என்பதைப் பாராட்டாக எழுதுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். குதிரைவீரனைக் குறித்த அச்சொல், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸின் ஆதரவாளர்களுக்கு எதிர்த்தரப்பார் சூட்டிய பழிப்பெயராயிற்று. இன்று அதைப் பண்புச்சொல்லாக எழுதினால், பிறருக்கு நேரக்கூடிய தீங்கைப் பொருட்படுத்தாத அலட்சியம் என்றே கொள்ளப்படும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும் ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) இருப்பாரானால், அவருடைய போக்கு ‘கேவலியர்’.

உங்கள் தந்தைக்கு நான் தேர்வது ‘அன்ரஃபிள்டு’. காற்றுப் பட்டு நீர்ப்பரப்பு சிலிர்ப்பதை ஆங்கிலத்தில் ‘ரஃபிள்’ என்பார்கள். அவ்வாறு சிலிர்க்காத மனம் உடையவர் என்பது இதன் பொருள். கடலறிந்தவரைப் பற்றி அவருடைய மகள் எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘கம்போஸ்டு’ (நிதானம் குலையாதவர்) என்று எழுதினாலும் பிழையில்லை. ‘அசால்ட்’ என்பதை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள்; ஆங்கிலத்தில் அதற்குத் தாக்குதல் என்று பொருள்.

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் என்னை ‘ஹேப்பி-கோ-லக்கி’ என்று குறிப்பிடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம். நாளைய பொழுதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டு மகிழ்ச்சியாக இருப்பவர் என்பது அதன் பொருள். நண்பர்கள் உங்களை அப்படிச் சொன்னால் அன்பாக இருக்கும், வேலை கொடுப்பவரோ திட்டமிடத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார். ‘ஈஸி-கோயிங்’ சற்றுப் பாதுகாப்பானது, எல்லோருடனும் ஒத்துப்போகிறவர் என்று அது உணர்த்தும். எனினும், நெருக்கடியிலும் நிதானம் இழக்காமல் நீங்கள் முடித்துக் கொடுத்த ஒரு வேலையை இரண்டு வரியில் விவரித்து எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.