அக்கா பையன் தமிழ் பேசுகிறான், என் மகள் பேசுவதில்லை

கேள்வி: திருமணமாகி வெளிநாடு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் இந்த ஊர்க்காரர், தமிழ் தெரியாது. மகளுக்கு ஏழு வயது. இங்கே எனக்குக் கிடைத்த ஒரே நெருங்கிய தோழி, என்னைவிட ஐந்து வயது மூத்த ஒரு தமிழ் அம்மா. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகள் பிறந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவர். பள்ளியில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால் அவருடைய எண்ணைத்தான் கொடுப்பேன். அவர் பையன் தமிழில் கதையே சொல்வான். என் மகளுக்கு எல்லாம் புரியும், ஆனால் பதில் எப்போதும் பள்ளி மொழியில்தான். இரண்டு மாதம் முன்பு ஒரு பிறந்தநாள் விழாவில் நாலைந்து பேர் முன்னால் அவளிடம், "அம்மா பேசுற பாஷைகூட வராதா? உங்கம்மா என்னதான் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மகள் அவர் வீட்டுக்கு வர மறுக்கிறாள். நானும் சாக்குச் சொல்லித் தவிர்க்கிறேன். அடுத்த ஆண்டு வேலை ஒப்பந்தம் முடிந்து அவர்கள் கிளம்பிவிடுவார்களாம். அதுவரை பட்டும் படாமலும் ஓட்டிவிடலாமா? பக்கத்து வீட்டில் வேறொரு நாட்டு அம்மா இருக்கிறார். அவருடன் அரைகுறையாக இந்த ஊர் மொழியில் பேசுவதுதான் இப்போது நிம்மதியாக இருக்கிறது.
(பெயரும் நாடும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: ஓட்டலாம். ஒரு வருடம் என்ன, சாக்குச் சொல்லப் பழகியவர்கள் பத்து வருடம்கூட ஓட்டிவிடுவார்கள். ஆனால் உங்களால் முடியாது என்று தோன்றுகிறது. உண்மையிலேயே மனம் விட்டுப்போயிருந்தால் பள்ளியில் கொடுத்த எண்ணை இந்நேரம் மாற்றியிருப்பீர்கள்.

அக்கா பேசியது தப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். பெரியவர்கள் சுற்றி நிற்கும்போது ஒரு குழந்தையை இப்படிக் கேட்டால் அவளுக்கு வாய் திறக்காது. இனி தமிழ் என்றாலே அந்த விழாதான் நினைவுக்கு வரும். போதாததற்கு அம்மாவையும் சேர்த்து இழுத்திருக்கிறார். மகள் போகமாட்டேன் என்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, உங்களுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? அவர் கேட்ட கேள்வியை நீங்கள் ஏற்கெனவே உங்களையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தில் அவருடைய பையனைப் பற்றி எழுதியிருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது. அதனால் முதலில் அந்த ஒப்பீட்டைப் பார்த்துவிடுவோம்.

ஆனிக் டி ஹவர் என்ற மொழியியலாளர், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களிடம் திரட்டிய தகவல்களை 2007-இல் வெளியிட்டார். பள்ளியில் டச்சு, வீட்டில் வேறொரு மொழியும் உண்டு என்ற குடும்பங்கள். பெற்றோர் இருவருமே வீட்டில் அந்த வேறு மொழியை மட்டும் பேசியபோது, கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களிலும் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். 100-க்கு 96-க்கும் மேல். அப்பா டச்சு, அம்மா வேறு மொழி என்று ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் அது 74 ஆகக் குறைந்துவிட்டது. ஏறக்குறைய நாலில் ஒரு வீட்டில் பிள்ளை உங்கள் மகளைப் போலத்தான். அக்கா வீட்டில் அம்மா, அப்பா இருவரும் தமிழ். உங்கள் வீட்டில் நீங்கள் ஒற்றை ஆள். அவர் உங்களைவிட அதிகம் பாடுபட்டார் என்பதற்கு இதில் ஒரு ஆதாரமும் இல்லை. (கணவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருடத்தில் அவரும் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கலாம். அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு மனுஷி மேல் நீங்கள் எத்தனை பேரின் வேலையை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்? பிரசவத்துக்குத் துணை, அவசரத்துக்குப் பள்ளிக்கு ஓடிவரும் ஆள், மனம்விட்டுப் பேச அக்கா, மகளுக்குப் பெரியம்மா, அதோடு நீங்கள் நல்ல தாயா இல்லையா என்று பார்த்துக்கொள்ள அளவுகோலும் அவரே. சொந்தங்களுக்கு நடுவில் ஒரு பெரியம்மா இப்படிக் கேட்டிருந்தால், "ஏன், அவளுக்குத் தெரியாதா என்ன?" என்று மடக்க ஒரு சித்தி இருப்பார், பேச்சை மாற்ற ஒரு பாட்டி இருப்பார், ராத்திரி புலம்ப ஒரு தங்கை இருப்பாள். நீங்கள் இருக்கும் ஊரில் அக்கா ஒருவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அக்காவும் பெரியம்மா ஸ்தானத்தின் உரிமையில்தான் வாயை விட்டிருக்கிறார். அந்த உரிமையைக் கொடுத்தது நீங்கள்தான். கொடுத்ததை முழுக்கப் பிடுங்க வேண்டியதில்லை, கொஞ்சம் எல்லை போட்டால் போதும்.

வெட்டிவிடுவது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான் கஷ்டம். புது ஊருக்குக் குடிபோனவர்களை வைத்து கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே ஐம்பது மணி நேரம் போலப் பழக வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் என்று அதில் கணக்கிட்டார். குழந்தையோடும் வேலையோடும் அந்த 200 மணியை எங்கிருந்து எடுப்பது? அக்காவுக்கு அதை எப்போதோ கொடுத்து முடித்துவிட்டீர்கள்.

அதனால்தான் பேசச் சொல்கிறேன். வாட்ஸ்அப் வேண்டாம், அதில் அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். நியாயம் கேட்கிற தொனி வேண்டாம். "அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பாப்பாவக் கேட்டீங்கல்ல, அவ ரொம்ப ஒடுங்கிப் போயிட்டா. எனக்கும் கஷ்டமாயிடுச்சு. அதான் நான் ஒதுங்கியே இருந்துட்டேன். என்கிட்ட என்ன வேணா சொல்லுங்க, அவகிட்ட மட்டும் இனிமே வேண்டாம்." இதோடு நிறுத்துங்கள். டி ஹவர் கணக்கையெல்லாம் அவரிடம் எடுத்து வைக்காதீர்கள், அது உங்கள் மன நிம்மதிக்குச் சொன்னது. நீங்கள் ஏன் வருவதில்லை என்று இந்த இரண்டு மாதமாக அவரும் குழம்பிக்கொண்டிருக்கக்கூடும். தான் கேட்டது அவருக்கு நினைவில் இல்லாமலும் இருக்கலாம், சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள்.

அவர் மனம் இளகினால் ஓர் உதவி கேளுங்கள். உங்கள் மகள் தமிழில் பேச இன்னொரு பெரியவர் வேண்டும், அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. வாரம் ஒரு முறை கதை சொல்லட்டும், பலகை விளையாட்டு ஆடட்டும். பரீட்சை மட்டும் வைக்கக்கூடாது. நார்வேயில் அமெரிக்க அம்மாக்களும் நார்வே அப்பாக்களும் வளர்த்த இரண்டு குழந்தைகளைக் கவனித்து எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர் 1990-களில் எழுதினார். பிள்ளை வேறு மொழியில் பதில் சொல்லும்போது பெரியவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். புரியாதது போல நிற்கலாம், பிள்ளை சொன்னதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லலாம், கண்டுகொள்ளாமல் தொடரலாம், தானும் அந்த மொழிக்கே தாவிவிடலாம். லான்சாவின் குழந்தைகள் இரண்டு வயதுக்காரர்கள். ஏழு வயதுக்காரியிடம் புரியாத மாதிரி நடித்தால் சிரித்துவிடுவாள், அப்பாவிடம் நீங்கள் அந்த மொழியில் பேசுவதைத் தினமும் கேட்கிறாளே. அவள் சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் அவள் வயதுக்குச் சரி என்பேன். அக்காவும் அப்படியே செய்யட்டும். இரண்டு பிள்ளைகளும் தங்களுக்குள் எந்த மொழியில் விளையாடினாலும் இருவரும் தலையிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஏன் நிம்மதி என்பது புரிகிறது. அவர் பிள்ளையின் வீட்டு மொழி உங்களுக்குத் தெரியாது, உங்கள் மகளின் தமிழ் அவருக்குத் தெரியாது. யார் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்று ஒருவரை ஒருவர் அளக்கவே வழியில்லை. மிச்சமிருப்பது தூக்கமின்மை, பள்ளியிலிருந்து வரும் புரியாத கடிதங்கள், ஊருக்குப் பேசும்போது பிள்ளை ஒளிந்துகொள்வது, இவைதான். அவருடனும் நேரம் செலவழியுங்கள். அக்காவுக்குப் பதிலாக அல்ல. பாரத்தை இரண்டு தோளில் பிரித்து வைப்பதற்காக.

மகளை உடனே அக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் நீங்கள் இருவர் மட்டும், பிள்ளைகள் இல்லாமல் சந்தியுங்கள். கடைசியாக எப்போது அப்படி உட்கார்ந்து பேசினீர்கள்? அவர் மூட்டை கட்டப் போகிறவர். ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கே போகிறார்கள், தமிழ் பேசும் அந்தப் பையன் புதுப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கப் போகிறான் என்ற கவலை அவருக்கும் இருக்கும். அதைக் கேளுங்கள்.