அரையாண்டு லீவில் ஆன்லைன் வகுப்பு: வாசகர் கேள்வி, நம் பதில்

மார்கழி பிறந்துவிட்டால் மொபைல் ஆப் எழுதுகிறவர்களின் கடிதங்கள் கூடிவிடுகின்றன. கல்லூரி லீவு, அலுவலகத்திலும் வேலை கொஞ்சம் மந்தம், அதனால் "ஒரு செஷன் எடுங்களேன்" என்று கேட்க எல்லோருக்கும் இதுதான் நேரம்.

கேள்வி: ஆண்ட்ராய்டு டெவலப்பர் நான். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் மூன்று ஆன்லைன் வகுப்புகளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன்: காட்லின் (ஆப் எழுதும் மொழி), ஜெட்பேக் கம்போஸ் (ஆப்பின் திரையை அமைக்கும் கருவி), ரூம் டேட்டாபேஸ் (தகவலைப் போனிலேயே சேமிப்பது). பையனுக்கு அரையாண்டு லீவு வேறு. ஸ்லைடு போடக்கூட நேரமில்லை, என்ன செய்ய? (வாசகி, கோவை)

பதில்: ஸ்லைடை விடுங்கள். மூன்று வகுப்புக்கும் ஒரே ஆப் போதும், அதுவும் வீட்டுச் செலவு எழுதிவைக்கிற மாதிரி சின்னதாக. காட்லின் வகுப்பில் திரையே வேண்டாம், ஒரு செலவின் பெயரையும் தொகையையும் சேர்த்துவைக்க ஒரு டேட்டா கிளாஸ், மொத்தத்தைக் கூட்ட ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். கம்போஸ் வகுப்பில் அதே செலவுகளை லேசிகாலமில் (கம்போஸில் பட்டியல் காட்டும் பகுதி) பட்டியலாகக் காட்டி, புதிதாக ஒன்று சேர்க்க ஒரு பட்டன் வையுங்கள். ரூம் வகுப்பை ஆரம்பிக்கும்போது, பால் 60, கீரை 20 என்று நாலு செலவை உள்ளிட்டு, ஆப்பை முழுசாக மூடித் திறந்து, எல்லாம் காணாமல் போயிருப்பதைக் காட்டுங்கள். டேட்டாபேஸ் எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) தனி பிராஞ்சாக, அதாவது தனிக் கிளையாக வைத்துக்கொண்டால், நேரலையில் தட்டும்போது எங்காவது சிக்கினாலும் அடுத்த பிராஞ்சுக்குத் தாவிவிடலாம். ஒரு கமா எங்கே விட்டுப்போனது என்று பத்து நிமிஷம் தேடுவதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

வரலாறு பேச ஆரம்பித்துவிடாதீர்கள். 2017-இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு காட்லினை ஏற்றுக்கொண்டது, 2021 ஜூலையில் கம்போஸ் 1.0 வந்தது, இரண்டு வாக்கியத்தில் முடிந்தது.

இன்னொன்று, மூன்றாவது வகுப்பைப் பொங்கல் கழித்துத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பொங்கல் நெருங்கும் நேரத்தில் எந்த மாணவர் லேப்டாப்பைத் திறக்கப்போகிறார்? பையனுக்கும் அம்மா கொஞ்சம் கிடைப்பாள்.

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (ஆப் எழுதும் மென்பொருள்), எமுலேட்டர் (லேப்டாப்பிலேயே ஓடும் பொய்ப் போன்), ஜூம் மூன்றையும் ஓட்டினால் நின்றே போகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எமுலேட்டரைத் தூக்கிவிடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருளைப் போட்டால் போனின் திரை அப்படியே லேப்டாப்பில் தெரியும், பாரமும் குறைவு. போனின் செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டிபக்கிங்கோடு (கேபிள் வழியாக லேப்டாப் போனை இயக்க அனுமதி) 'ஷோ டாப்ஸ்' என்பதையும் ஆன் செய்தால், நீங்கள் எங்கே தொடுகிறீர்கள் என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு புள்ளி தெரியும். பழைய போன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: அன்றாடம் வைத்திருக்கிற போனை மாட்டினால், நீங்கள் நேவிகேஷன் விளக்கும் நேரத்தில் சொந்தக்காரர் குரூப்பிலிருந்து புத்தாண்டு வாழ்த்தும், கூடவே வங்கி ஓடிபியும் திரையின் உச்சியில் வந்து நிற்கும். சிம் இல்லாத, வாட்ஸ்ஆப் இல்லாத போன்தான் உத்தமம்.

அப்புறம், எழுதியதை ஆப்பாகக் கட்டித்தரும் கிரேடில். முதல் பில்டில் தேவையான லைப்ரரிகளை எல்லாம் நெட்டிலிருந்து இறக்கும், நேரம் பிடிக்கும். ஆகவே முந்தின நாளே ஒருமுறை முழுசாக பில்ட் செய்து, ஆஃப்லைன் மோடில் போட்டுவிடுங்கள். வகுப்பன்று காலையில் ஸ்டுடியோ 'அப்டேட் இருக்கிறது' என்று கூப்பிடும். தொடவே தொடாதீர்கள். ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைப் பயன்படுத்த ஆப்புக்கு வேண்டிய ரகசியச் சாவி) வைத்திருக்கும் ஃபைலையும் திறக்கவேண்டாம், ரெக்கார்டிங் யூடியூபில் ஏறிவிட்டால் உங்கள் கீ ஊருக்கே பொது.

கேள்வி: கோட் எழுத்து தெரியவில்லை என்று சாட்டில் புகார் வந்துகொண்டே இருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: மாணவர்களில் நிறையப் பேர் உங்கள் வகுப்பைப் போனில்தான் பார்க்கிறார்கள், அதை நினைத்துக்கொண்டு எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் வியூ, அப்பியரன்ஸ் போனால் பிரசன்டேஷன் மோட் இருக்கிறது, மற்ற பேனல்களை மறைத்து எழுத்தைப் பெரிதாக்கும். ஒரு நேரத்தில் பதினைந்து வரிக்கு மேல் தெரியாது, தெரியவும் வேண்டாம். முன்னாலேயே ஜூமில் சேர்ந்து, உங்கள் போனிலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். கறுப்புத் தீம் அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வெள்ளைத் தீமே படிக்க வசதி, இது என் கட்சி.

கேள்வி: ஃப்ளட்டரா (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து ஆப் எழுதும் கருவி), காட்லினா, எதில் வகுப்பு எடுக்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் வேலையில் தினம் எழுதுவது எதுவோ அதில். லீவில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு லீவிலேயே அதைச் சொல்லித்தரக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: நியூ ஜெர்சி நண்பர்கள் அவர்கள் நேரப்படி ராத்திரி எட்டு மணிக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். நமக்கு எத்தனை மணி? (வாசகர், மதுரை)

பதில்: மறுநாள் காலை ஆறரை. கோடையில் என்றால் ஐந்தரையாக இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், அதனால் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம். அழைப்பிதழில் இரண்டு ஊர்த் தேதியையும் போடச் சொல்லுங்கள். டிசம்பர் 31 என்று மட்டும் போட்டால் குழப்பம்தான்.

கேள்வி: ஐபோன் ஆப்பை வகுப்புக்கு முன் மாணவர்கள் கையில் கொடுக்க ஆசை. டிசம்பர் கடைசியில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோருக்குப் புது ஆப் வாங்குவதை நிறுத்திவிடும் என்கிறார்களே? (வாசகி, சென்னை)

பதில்: முன்பு கிறிஸ்துமஸ் சமயத்தில் சில நாள் நிறுத்திவைப்பார்கள். 2021-இலிருந்து அந்த நாட்களிலும் ஆப்களை ஏற்றுக்கொள்கிறார்கள், பரிசீலனைதான் தாமதமாகலாம். வகுப்புக்கு டெஸ்ட்ஃப்ளைட்டே (வெளியிடாத ஆப்பைச் சோதிக்கக் கொடுக்கும் ஆப்பிளின் வசதி) போதும். வெளியாட்களுக்கு என்றால் 10,000 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் முதல் பில்டுக்கு அதிலும் பரிசீலனை உண்டு, ஆகவே கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: இலவச ஜூமில் 40 நிமிஷத்தில் வெட்டிவிடுகிறதே? (வாசகர், ஈரோடு)

பதில்: 35-இல் முடியுங்கள். கேள்வி கேட்க நினைப்பவர்களுக்கு அதே லிங்கில் மறுபடி உள்ளே வரச் சொல்லிவிடுங்கள், கேட்க விருப்பம் உள்ளவர்கள் வருவார்கள்.