அது நோயின் அடையாளமா, சிட்ரேட்டா?

வணக்கம். நீலம் பாயும் பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளின் பிளாஸ்மாவை உலர்த்தி அகச்சிவப்பு நிறமாலை எடுத்தபோது 1580, 1400 செ.மீ⁻¹ அருகே உறிஞ்சல் ஒப்பீட்டுக் குழுவின் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது, இது நோயின் அடையாளமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரத்தம் எடுத்தது, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் உள்ள குழாயில் என்கிறீர்கள். என் சந்தேகம் அந்தக் குழாயின் மீதுதான்.

சிட்ரேட்டின் கார்பாக்சிலேட் தொகுதிகள் உறிஞ்சுவதும் ஏறக்குறைய அதே இரண்டு இடங்களில்தான். குழாயில் 1 பங்கு சிட்ரேட் கரைசலுக்கு 9 பங்கு இரத்தம். ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட இக்குழந்தைகளின் உடல் சிவப்பணுக்களை மிகுதியாக உருவாக்குகிறது. ஹீமட்டோகிரிட் (இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு) 40 சதவீதம் என்றால் 9 மில்லி இரத்தத்தில் பிளாஸ்மா 5.4 மில்லி, 65 சதவீதம் என்றால் 3.15 மில்லிதான். சிட்ரேட்டோ அதே 1 மில்லி. உலர்ந்த படலத்தில் புரதத்துக்கு எதிரான சிட்ரேட்டின் விகிதம், 40 சதவீதத்தில் இருப்பதைப்போல் சுமார் 1.7 மடங்கு! ஹீமட்டோகிரிட் 55 சதவீதத்தைத் தாண்டினால் உறைதல் பரிசோதனைகளில் சிட்ரேட்டைக் குறைப்பது இதனால்தான்.

அதே குழாயின் கரைசலில் ஒரு துளியை நிறமாலைக் கருவியின் படிகத்தின் மேல் உலர்த்தி நிறமாலை எடுங்கள். உங்கள் இரு குழுக்களின் வேறுபாட்டு வரைகோட்டின் மேல் அதை வைத்துப் பாருங்கள். மேடுகள் பொருந்தினால் சிட்ரேட் மீதான சந்தேகம் வலுக்கும். பிறகு ஒவ்வொரு குழந்தையின் ஹீமட்டோகிரிட்டுக்கு எதிராக 1580 மேட்டின் உயரத்தை வரையுங்கள்; இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உயரத்தை 1650 அருகேயுள்ள, புரதத்தின் அமைடு 1 பட்டையின் உயரத்தால் வகுங்கள். புரதத்தின் இன்னொரு பட்டையான அமைடு 2 வேண்டாம், சிட்ரேட் அதன் தோளிலேயே ஏறி நிற்கும்.

இனி எடுக்கும் மாதிரிகளுக்கு, சிட்ரேட் சேர்க்காமல் இரத்தத்தை உறையவிட்டுப் பிரிக்கும் சீரம் போதும். ஒரே குழந்தைக்கு எடுத்த மூன்று நிறமாலைகளையும், கணினிக்குக் கற்பிக்கும் பயிற்சித் தொகுப்பு, அது கற்றதைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பு இரண்டிலும் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். முடிவை இங்கே எழுதுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.