எலிக்காய்ச்சல் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேறு வேறு மாதிரி வருமா?

வரும். 2024 டிசம்பரில் எங்கள் வீட்டிலேயே இரண்டையும் பார்த்தேன். நவம்பர் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள், என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனம் பயந்துபோய் இருந்தது, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்றார்கள்.

அந்த நாட்களில்தான் சித்தப்பாவுக்கும் காய்ச்சல். வெள்ளம் வடியாத வயலில் வெறுங்காலோடு நின்று வரம்பு கட்டியவர். நாலு நாள் பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கெண்டைக்கால் சதையில் கை பட்டாலே கத்தினார், கண் இரண்டும் பீளை இல்லாமல் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் அந்தக் கண் மஞ்சளாகிவிட்டது, சலமும் போகவில்லை. சிறுநீரகம் பாதித்து, இரண்டு முறை டயாலிசிஸ் செய்து, மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. வயல் பக்கமே போகாதவன், ஆனால் முழங்காலில் சிராய்ப்போடு ஒழுங்கையில் தேங்கிய வெள்ளத்தில் விளையாடியிருக்கிறான். எலியின் சலம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டாலே கிருமி உள்ளே போய்விடும். அவனுக்குக் காய்ச்சல், சத்தி, வயிற்று வலி, தலையிடி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சித்தி நினைத்தார். மஞ்சள் காமாலை வரவே இல்லை. அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று தெரிந்திருந்ததால் டொக்டர் உடனே மருந்தைத் தொடங்கினார், ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

பொதுவாகவும் இப்படித்தான். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும், காமாலையும் சிறுநீரகம் செயலிழப்பதும் பெரியவர்களை விடக் குறைவு. பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு, சில வேளை தோலில் தடிப்பு, மூளை உறை அழற்சியால் கடும் தலையிடி, கழுத்து விறைப்பு என்று வரும். அதனால் டெங்கு என்றோ வயிற்றுப் பிரச்சினை என்றோ தவறவிடுவது சுலபம், எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் நுரையீரலில் இரத்தக் கசிவு போன்ற ஆபத்தான நிலை பிள்ளைகளுக்கும் வரலாம். மஞ்சள் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாமலும் போகலாம், சந்தேகம் வந்தாலே மருந்து தொடங்குவது அதனால்தான். கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் 5 முதல் 14 நாள், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும், ஆகவே மூன்று வாரத்துக்கு முன் வெள்ளத்தில் இறங்கியதையும் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்திலும் வித்தியாசம் இருக்கிறது. வயலில் இறங்கும் பெரியவர்களுக்கு, காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுப்பார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படியலாம் என்று அதை வழக்கமாகத் தவிர்ப்பார்கள், கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பென்சிலின் வகை போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உங்களுக்குத் தந்த குளுசையில் வீட்டுப் பிள்ளைக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்தில் சிலர் அப்படிச் செய்ததை நானே பார்த்தேன்.