ஹிக்கின்பாதம் என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?

கேட்டிருப்பது இதுதான்: சென்னை அண்ணா சாலையில் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு அர்த்தம் உண்டா, இங்கிலாந்தில் இன்னும் அந்தப் பெயரில் மக்கள் இருக்கிறார்களா?

கடைக்கு அது ஓர் ஆளிடமிருந்து வந்த பெயர், அந்த ஆளின் குடும்பத்துக்கு ஓர் ஊரிடமிருந்து வந்த பெயர். ஆள் யார் என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844-இல் மதராஸில் வெஸ்லியன் என்ற கிறிஸ்தவ சபையின் புத்தகக் கடையை வாங்கித் தன் பெயரில் நடத்த ஆரம்பித்தார், பிற்பாடு மதராஸின் ஷெரீப்பாகவும் இருந்தார். இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் அவர் காலத்துக்குப் பிறகு, 1904-இல் வந்தது. ஆளைப் பற்றி இது போதும், எனக்கு அதைவிடப் பெயர்தான் முக்கியம்.

ஊர் இங்கிலாந்தின் வடமேற்கில், பழைய லங்காஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. மான்செஸ்டருக்கு வடமேற்கே போல்ட்டன் என்ற நகரம், அங்கே ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம். இன்றைக்கும் அந்தப் பெயரில் அங்கே ஒரு சாலை இருக்கிறது. குடும்பப்பெயர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஹிக்கின்பாதத்தின் வேராகச் சொல்வது இந்த இடத்தைத்தான். 'பாட்டம்' என்றதும் இப்போது உடம்பின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும், ஆனால் அந்த அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே வடக்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டிய தாழ்ந்த சமநிலத்துக்கு பாட்டம், பாதம் என்று பெயர். முன்னால் இருக்கும் 'ஓக்கன்' ஓக் மரம். நம்மிடம் ஆலம்பள்ளம் என்று ஊர் இருப்பதைப் போல அவர்களுக்கு ஓக் மரப் பள்ளம், அவ்வளவுதான். (தமிழில் எழுதும்போது 'பாதம்' என்று வருவதால் காலோடு முடிச்சுப் போட வேண்டாம், அது எழுத்துக்கூட்டலில் நேர்ந்த ஒற்றுமை மட்டுமே.)

சரி, ஓக்கன் எப்படி ஹிக்கின் ஆனது? இந்தப் பெயரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓக் மரத்துக்குரியது என்று சொல்லப் பழைய ஆங்கிலத்தில் ஆக்கன் என்பதோடு ஏக்கன் என்ற வடிவமும் இருந்தது, அது வட்டார உச்சரிப்பில் தேய்ந்து இக்கன் மாதிரி ஆகியிருக்க வேண்டும். லங்காஷயர்க்காரர்கள் சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலியை விழுங்கிவிடுவார்கள், அதனால் காதில் 'இக்கின்' என்று விழுந்ததை எழுதுகிற குமாஸ்தா, இவர் வழக்கம்போல ஹ-வை விழுங்கிவிட்டார், எழுத்தில் நாம் சேர்த்துவிடுவோம் என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. அதோடு ஹிக்கின் என்ற பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது. 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் தொண்டையில் உருட்டிச் சொன்ன ர ஒலி உள்ளூர் வாய்க்கு வராததால் ரிச்சர்டின் செல்லப்பெயரான ரிக் 'ஹிக்' ஆனது, ராபர்ட் 'ஹாப்' ஆனது, ரோஜர் 'ஹாட்ஜ்' ஆனது. அந்த 'ஹிக்' என்பதன் குட்டி வடிவம்தான் ஹிக்கின். பழக்கமான அந்தப் பெயரின் சாயலுக்கு இந்த ஊர்ப்பெயரும் இழுபட்டுவிட்டது. வேறொரு கருத்தும் உண்டு, ஹிக்கின் என்பது ரோவன் என்ற மலைமரத்தின் வட்டாரப் பெயர், அதனால் ரோவன் மரப் பள்ளம் என்பார்கள். எந்த மரம் என்று வாதம் செய்யலாம், ஆனால் ஹிக்கின் என்ற ஆளின் பள்ளம் என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிடுவது சரியில்லை. எந்தப் பெயரானாலும் இன்றைய எழுத்தைப் பிரித்துப் பிரித்து அர்த்தம் காண்பதை விட்டுவிட்டுப் பழைய பத்திரங்களில் அது எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எழுத்துக்கூட்டலுக்கோ கணக்கே இல்லை: ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹிக்கன்பாட்டம், ஹிக்கின்பாதம் என்று ஒரே வேரிலிருந்து வந்தவை பல. இங்கிலாந்தில் ஹிக்கின்பாதம் என்று எழுதினாலும் பொதுவாக ஹிகின்பாட்டம் என்றே உச்சரிப்பார்கள், அமெரிக்காவில் எழுத்தை ஒட்டி 'பாத்தம்' என்பார்கள், சென்னை உச்சரிப்பு அமெரிக்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இதே குடும்பத்துப் பெயர்கள் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். இயன் போத்தம் பெயரில் இருப்பதும் அதே பள்ளம்தான், வெறும் பள்ளம், மரம் இல்லை. 2008-இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த ரயன் சைட்பாட்டம் பெயருக்கு 'அகன்ற பள்ளம்' என்று பொருள். ஷஃபில்பாட்டம் என்று கேட்டாலே சிரிப்பு வரும் பெயர் ஒன்று உண்டு, அது ஆடுகளைக் குளிப்பாட்டும் ஓடை ஓடிய பள்ளம் என்கிறார்கள். அப்புறம் விண்டர்பாட்டம், குளிர்காலத்தில் மந்தை மேய்க்கும் பள்ளம். இவை எல்லாம் பெரும்பாலும் லங்காஷயர், செஷயர், யார்க்ஷயரின் பெனைன் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. அங்கே பெரிய கிராமங்கள் குறைவு, சிதறிய பண்ணை வீடுகள் அதிகம், அதனால் ஓர் ஆளை அடையாளம் சொல்ல அவன் இருந்த பள்ளத்தையோ மேட்டையோ சொன்னாலே போதும். அந்த இடத்தை விட்டு வேறு ஊருக்குப் போன பிறகுதான் அது பெயராக ஒட்டிக்கொள்ளும், உள்ளூரில் எல்லோரும் அதே பள்ளத்துக்காரர்கள்தானே.

எவ்வளவு பரவலான பெயர் என்றால், ஸ்மித், டெய்லர் கூட்டத்தில் சேராது, ஆனால் அழிந்துபோகும் நிலையிலும் இல்லை. இங்கிலாந்தில் 1881 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் இந்த வகைப் பெயர்கள் ஸ்டாக்போர்ட், மான்செஸ்டர், போல்ட்டன் சுற்றுவட்டாரத்திலேயே குவிந்து கிடப்பது தெரியும். பஞ்சாலைகள் பக்கத்திலேயே வந்துவிட்டதால் வேலைக்காகத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு காரணம். கடல் தாண்டியவர்கள் வேறு. வர்ஜீனியாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஹிக்கின்பாதம்கள் இருந்தார்கள், அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் அண்டைப்பகுதியில் வணிகராக இருந்த டேவிட் ஹிக்கின்பாதம் அவர்களில் ஒருவர். 20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரைப் பெரிதாக்கியவர் லியோன் ஹிக்கின்பாதம், கறுப்பின அமெரிக்கர், கூட்டாட்சி நீதிபதி, அடிமை முறையைச் சட்டம் எப்படித் தாங்கிப் பிடித்தது என்று ஆழமாக எழுதியவர், 1995-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றவர். அடிமைகளாக இருந்தவர்களுக்கு எஜமானர்களின் பெயர் ஒட்டிக்கொண்டதும் உண்டு, அதனால் அமெரிக்காவில் ஒரே குடும்பப்பெயர் என்பது ஒரே ரத்தம் என்று ஆகாது.

இங்கிலாந்தில் மட்டும் அரிய பெயர்களுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமை வைத்துச் செய்த ஆய்வில், பெயர் எவ்வளவு அரிதோ அந்த அளவுக்கு அதை வைத்திருப்பவர்கள் ஒரே மூதாதையின் வழி வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஸ்மித் என்று பெயருள்ள இருவர் உறவாக இருக்க வேண்டியதே இல்லை, ஸ்மித் என்றால் கொல்லன், கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். ஆனால் ஓக்கன்பாட்டம் போல ஓரிரு இடத்தில் மட்டும் பிறந்த பெயருக்கு அப்படி இல்லை.

கடைசியாக ஒன்று, இந்த மாதிரிப் பெயர்களை இணையத்தில் தேடினால் உடனே 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கேடயம் வரைந்த படத்தைக் காசுக்கு விற்க வருவார்கள். வாங்காதீர்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது, ஒரு குடும்பப்பெயருக்கு என்று சின்னம் கிடையாது, இதைச் சின்னங்களை வழங்கும் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பணத்தை வைத்து 1837-க்குப் பிந்திய பிறப்புப் பதிவுகளையோ 1538-இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளையோ தேடிப் பாருங்கள், அங்கே நிஜமான ஆட்கள் இருக்கிறார்கள்.