நீச்சல், கீபோர்டு, கோடிங்... அப்புறம் தூக்கம் எப்போது?

சிங்கப்பூரில் 28 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், இதுதான் கஷ்டமான வேலை. பெற்றோரும் மற்றவர்களும் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

டீச்சர், மகன் தொடக்கநிலை 4. முழுமையான கல்வி கிடைக்கட்டும் என்று நீச்சல், கீபோர்டு, கோடிங், சதுரங்கம் எல்லாவற்றிலும் சேர்த்தோம். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் துணைப்பாடம் உண்டு. இப்போது ஓயாமல் நகம் கடிக்கிறான்.
(செங்காங்கிலிருந்து ஓர் அம்மா)

எண்ணிப் பாரும்மா, ஆறு வகுப்பு. பள்ளியையும் இணைப்பாட நடவடிக்கையையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்குத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019இல் எடுத்துவிட்டது. 2023க்குள் மற்ற வகுப்புகளிலும் நடுவாண்டுத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். கிடைத்த நேரத்தை நாம் வேறு வகுப்புகளால் அடைத்துவிட்டு, அதற்கு 'முழுமை' என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

என் வகுப்பில் ஒரு பையன் செவ்வாய்க்கிழமை தவறாமல் மேசையில் தலை வைத்துத் தூங்குவான். நானும் திட்டுவேன். திங்கள் இரவு வயலின் வகுப்பு முடிந்து அவன் வீடு சேர ஒன்பதரை ஆகும் என்பது ஆண்டுக் கடைசியில்தான் தெரிந்தது. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னும் உறுத்துகிறது.

இந்த வயதுக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுடைய ஒரு வாரத்தைத் தாளில் அவனையே எழுதச் சொல்லுங்கள். "எதை நிறுத்தினால் உனக்கு அழுகை வரும்?" என்று கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு, மீதியில் பாதியையாவது வெட்டுங்கள். ஒரு மாதத்தில் நகம் கடிப்பது குறையாவிட்டால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். அவரைப் பார்ப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

மகளுக்கு பிஎஸ்எல்இயில் (தொடக்கநிலை 6 இறுதித் தேர்வு) 23. "அப்போ நார்மலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவள் அறையைவிட்டு வருவதே இல்லை.
(உட்லண்ட்ஸ், ஒரு தந்தை)

நார்மல் என்ற பிரிவே இப்போது கிடையாது. 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று மதிப்பெண்படி பிரித்த பிரிவுகள் எல்லாம் போய்விட்டன. 23 என்றால் (இதில் எண் குறைந்தால்தான் நல்லது) போஸ்டிங் குரூப் 2, மூன்று சேர்க்கைப் பிரிவுகளில் நடுவில் உள்ளது. அது பள்ளிக்குள் நுழையும் வாசல், அவ்வளவுதான். உள்ளே வகுப்புகள் கலந்துதான் இருக்கும். இசை, ஓவியம், உடற்கல்வி போன்றவற்றை எல்லாரும் ஒன்றாகப் படிப்பார்கள். மற்ற பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 (ஜி3தான் கடினமானது) என்று அவரவருக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். மகள் தமிழில் ஏஎல்5 என்ற தரநிலை வாங்கியிருந்தால், அதாவது நூற்றுக்கு 65ஐத் தொட்டிருந்தால், உயர்நிலை 1லேயே தமிழை ஜி3இல் எடுக்க வழி உண்டு. 2027 முதல் உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வுகளான ஓ லெவல், என் லெவல் இரண்டும் போய் ஒரே சான்றிதழ் வருகிறது.

இதையெல்லாம் சொந்தக்காரர்களுக்கு விளக்க வேண்டிய வேலை மகளுடையதல்ல, உங்களுடையது. அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனால் 1771ஐ அழையுங்கள். மனநலத்துக்கான எண் அது, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

துணைப்பாடம் தேவையா, இல்லையா?
(தெம்பனிஸ்)

ஒரு பாடத்தில் பிள்ளை தடுமாறினால் தேவை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகத் தேவையில்லை. செலவு கட்டுப்படியாகாவிட்டால் இந்தியப் பிள்ளைகளுக்கு உதவும் சிண்டா அமைப்பின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள்.

பேரனுக்கு 7 வயது. ஐபேடைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான். எனக்கோ ஆங்கிலம் வராது, பாடம் சொல்லித்தரவும் முடியவில்லை.
(ஈசூன், ஒரு பாட்டி)

பாடம் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு அம்மா. சந்தைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. பத்து வெள்ளியை அவன் கையில் கொடுங்கள், மீன்காரரிடம் மீதியை அவனே எண்ணி வாங்கட்டும். வெங்காயம் உரிக்கட்டும், உங்கள் ஊர்க் கதையைக் கேட்கட்டும். உங்களோடு தமிழில் பேசுவதே அவனுக்கு ஒரு பாடம்தான்.

7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்பாட வேலை போகத் திரை நேரம் நாளுக்கு இரண்டு மணிக்குள் இருக்கவேண்டும் என்கிறது சுகாதார அமைச்சு. பிடுங்கினால் சண்டைதான் வரும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே புளோக் கீழே விளையாட விடுங்கள். வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை வருவதும் குறையும்.

அக்கா, புளோக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு இரவு எட்டு மணிக்கு வந்து கப் நூடல்ஸ் வாங்குகிறார்கள். வாரத்தில் நான்கு நாள். கேட்டால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகிவிடுமா?
(ஜூரோங் வெஸ்ட்)

நான்கு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே அண்ணே, அப்போதே தலையிட்டாகிவிட்டது. நல்லதுதான்.

பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், விசாரணை மாதிரி வேண்டாம். அம்மாவுக்கு இரவு ஷிப்டாக இருக்கலாம். அவர் கடைக்கு வந்தால் குறை சொல்லாதீர்கள். பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் இருக்க ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் மாணவர் பராமரிப்பு நிலையம் உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணக் கழிவும் உண்டு என்று மட்டும் சொல்லுங்கள். வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள். கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.

உடம்பில் காயமோ அடித்த தழும்போ கண்ணில் பட்டால் காத்திருக்காதீர்கள். வன்முறையைப் புகார் செய்வதற்கான தேசிய உதவி எண் 1800-777-0000க்கு அழைத்துச் சொல்லுங்கள்.