ஊசி போட யாருக்கு உரிமை இருக்கு?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மக பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷ சர்ட்டிபிகேட் கோர்ஸ் படிச்சா, இப்ப காரைக்குடியில ஒரு கிளினிக்ல அசிஸ்டென்ட். டோக்கன் எழுதுறது, பிபி பாக்குறதுனுதான் சேர்ந்தா. இப்ப டாக்டர் மத்தியானம் வீட்டுக்குப் போனதும் போன்ல கேட்டுட்டு இவளே ஊசி போடுறா. "சட்டமே மாறப்போகுது, பயப்படாதே"ங்கிறாங்களாம். நிஜமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான்மா. பிபி, எடை, சுகர் பாக்குறது, டிரெஸ்ஸிங்குக்கு எடுத்து வைக்கிறது இதெல்லாம் சரி. ஆனா டாக்டர் பாக்காத நோயாளிக்கு என்ன மருந்துனு இவளே முடிவு பண்ணிப் போட்டா அது வைத்தியம் பாக்குறதுல சேர்ந்துடும். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல பதிவு இல்லாம வைத்தியம் பார்த்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. போன்ல சொன்ன வார்த்தைக்கு நாளைக்கு சாட்சி யாரு?

சட்டத்தைவிட எனக்கு பெரிய கவலை இன்னொண்ணு. ஆன்டிபயாடிக் ஊசி சிலருக்கு ஒத்துக்காம போட்ட சில நிமிஷத்துலயே மூச்சு திணறி பிபி இறங்கிடும், அப்ப உடனே தொடையில அட்ரினலின் போடணும், எவ்வளவு போடணும்னு தெரிஞ்ச ஆள் அங்கயே இருக்கணும், வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற டாக்டர் கிளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிடும்.

"சட்டம் மாறுது"ங்கிறதுல ஒரு துளி உண்மை இருக்கு. அதே 2019 சட்டத்துல 32வது பிரிவுனு ஒண்ணு, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் கொடுக்கலாம்னு சொல்லுது, சாதாரண நோய்க்கும் தடுப்பு சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சில மருந்து மட்டும் அவங்களே எழுதலாம், மத்ததெல்லாம் டாக்டர் மேற்பார்வையிலதான். 2021ல வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டமோ டிப்ளமோவுக்கே குறைஞ்சது 2000 மணி நேரம் படிப்பு கேக்குது. உங்க மக படிச்ச சர்ட்டிபிகேட் அதுக்குள்ள வராட்டி இந்த மாற்றம் எதுவும் அவளைக் காப்பாத்தாது.

"அங்க அசிஸ்டென்ட்டே ஊசி போடுறாங்களே"னு அமெரிக்காவைக் காட்டி பேசுறவங்களும் பாதியத்தான் சொல்றாங்க. கலிபோர்னியாவுல மெடிக்கல் அசிஸ்டென்ட் ஊசி போடலாம்தான். ஆனா 10 மணி நேரம் தனிப் பயிற்சி, ஒவ்வொரு வகை ஊசியும் குறைஞ்சது 10 தடவை கண்காணிப்புல போட்டுக் காட்டணும், அதுக்கப்புறமும் மேற்பார்வை உண்டு. அங்கயும் நரம்புல டிரிப் ஏத்த விடமாட்டாங்க. அசிஸ்டென்ட்டுக்கு இன்னும் கூடுதல் வேலை கொடுக்கணும்னுதான் நானும் சொல்றேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல நம்ம கிராமங்கள்ல டாக்டர் கிடைக்காம நாமதான் பாடு படுறோம். ஆனா பயிற்சியும் பொறுப்பும் எழுத்துல இருக்கணும். அது இல்லாம வேலையை மட்டும் தள்ளிவிட்டா பழி வர்ற அன்னைக்கு சம்பளம் கம்மியா வாங்குற பொண்ணுதான் தனியா நிப்பா. "டாக்டர் இருக்கும்போது மட்டும்தான் போடுவேன்"னு இன்னைக்கே சொல்லச் சொல்லுங்க. வேலை போனாலும் பரவாயில்ல.

கேள்வி: நாங்க நியூஜெர்சியில இருக்கோம். கானாடுகாத்தான் வீட்டுல ஆச்சியைப் பாத்துக்க ஒரு பொண்ணு இருக்கு, அதுதான் ரெண்டு வேளை இன்சுலின் போடுது. இது தப்பா?
- வாசகர்

பதில்: டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை வீட்டுல இருக்கிறவங்க போடுறது உலகம் பூரா நடக்குறதுதான், அளவை மாத்துறதுதான் கூடாது. நீங்க அடுத்த வீடியோ கால்ல மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் கேமரா பக்கத்துல காட்டச் சொல்லுங்க. நம்ம ஊர்ல கிடைக்கிற இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடியில அதே கோடு வரைக்கும் எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும், ராத்திரியில சுகர் இறங்கி அவ்ளோ பெரிய வீட்டுல உள்பக்கம் வளவுல ஆச்சி மயங்கிக் கிடந்தா முகப்புல படுத்திருக்கிறவங்களுக்குக்கூட கேக்காது. நீங்க அங்கிருந்து மருந்து வாங்கி அனுப்புற பழக்கம் இருந்தா இதுல ரொம்ப ரொம்ப கவனம், அங்க 100 யூனிட்தான் வழக்கம். அளவை தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. சாப்பாடு ரெடியானதுக்கு அப்புறம்தான் ஊசி. சுகர் 70க்கு கீழ இருந்தா ஊசியைத் தொடாம, ஆச்சி முழிச்சிருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுத்துட்டு டாக்டருக்கு போன் பண்ணணும்னும் அதுலயே எழுதிடுங்க.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற தன்னார்வலரே பிபி மாத்திரையை கூட்டிக் கொடுக்கலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. பிபி, சுகர் பாக்குறது, டாக்டர் எழுதின மாத்திரையை கொண்டு வந்து தர்றது அவங்க வேலை. பிபி அடிக்கடி ஏறியிருந்தா அந்த நோட்டை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, டோஸை டாக்டர்தான் மாத்தணும்.